பட்டியலை எண்ணிய பிறகு தேதி சொல்லுங்கள்

கேள்வி: சர்க்கரை நோய் மாத்திரைகளைப் பற்றி 120 டாக்டர்களிடம் கருத்துக் கேட்கும் புராஜெக்ட் என் பொறுப்பில் நடக்கிறது. பொது மருத்துவர்கள் 80 பேர் பத்தே நாளில் முடிந்தார்கள். எண்டோகிரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் நோய் நிபுணர்) 40 பேர் வேண்டும், 14-லேயே நிற்கிறது. என்ன செய்வது?
- வாசகர், சென்னை

பதில்: பேட்டி எடுப்பவர்களை விரட்டிப் பயனில்லை. பத்துப் பேரை அழைத்தால் இருவர் சம்மதித்து, அவர்களில் ஒருவர் ஸ்கிரீனர் கேள்விகளில், அதாவது தகுதி பார்க்கும் முதல் கேள்விகளில், கழிந்தால், 40 பேருக்கு 400 பெயர் வேண்டும். உங்கள் பட்டியலில் 150 பெயர்தான் என்றால் 15 பேரோடு அது வற்றிவிடும். இந்தக் கணக்கைக் கெடு முடியும் வரை வைத்திருக்காமல் இன்றே புராஜெக்ட்டைக் கொடுத்த மருந்து நிறுவனத்திடம் காட்டுங்கள். சர்க்கரை நோயையே பெரும்பாலும் பார்க்கும் எம்.டி. டாக்டர்களைச் சேர்க்க அனுமதி கேட்கலாம். ஆனால் அவர்களுக்குத் தனிக் கோட்டா வேண்டும். எண்டோ கணக்கில் கலந்தால் இரு தரப்பும் மருந்து எழுதும் விதத்தில் உள்ள வேறுபாடு மறைந்துவிடும். கேள்வித்தாள் 40 நிமிடம் என்றால் 20-க்குக் குறையுங்கள், ஓ.பி. முடிந்த பிறகு நேரம் கேளுங்கள்.

எனக்கு அதைவிடக் கவலை, பத்து நாளில் முடிந்த அந்த 80 பேர்தான். "மாதம் 100 சர்க்கரை நோயாளிகளுக்கு மேல் பார்க்கிறீர்களா?" என்று ஸ்கிரீனர் கேட்டால், மதிப்பூதியம் வேண்டுபவர் ஆமென்றே சொல்வார். "எத்தனை பேர்?" என்று கேட்டு எண்ணை எழுத வேண்டும். சராசரி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கில் முடிந்த பேட்டிகளையும், சர்க்கரை நோய்க்குப் பரவலாகத் தரப்படும் மெட்ஃபார்மினை எழுதுவதே இல்லை என்ற பதில்களையும் தனியே எடுத்து அந்த டாக்டர்களைத் திரும்ப அழையுங்கள். அடுத்த முறை முதல் 12 பேட்டியோடு நிறுத்தி, தரவைப் பார்த்த பிறகே மீதியைத் திறங்கள்.

கேள்வி: பேட்டியின் நடுவே டாக்டர் சொல்லும் பக்கவிளைவு ஏற்கெனவே தெரிந்ததென்றால் விட்டுவிடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: கூடாது. "டபாகிளிஃப்ளோசின் கொடுத்த ஒரு அம்மாவுக்குப் பூஞ்சைத் தொற்று வந்தது" என்று ஒரு சர்க்கரை நோய் மாத்திரையைப் பற்றி டாக்டர் போகிற போக்கில் சொன்னால், அதிலேயே நோயாளி, மருந்து, பாதிப்பு, சொன்னவர் என நான்கும் வந்துவிட்டன. அந்த மருந்தின் தாளில் அச்சாகியிருக்கும் பக்கவிளைவுதான். ஆனாலும் மருந்து புராஜெக்ட்டைக் கொடுத்த நிறுவனத்தின் தயாரிப்பென்றால், அதன் மருந்துப் பாதுகாப்புப் பிரிவுக்கு ஒரு வேலை நாளுக்குள் போக வேண்டும் என்பதே வழக்கமான ஒப்பந்த விதி. அவருடைய பெயரைத் தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மறுத்தால் பெயரில்லாமல் அனுப்புங்கள். பெரும்பாலும் சறுக்குவது, ஒலிப்பதிவை இரண்டு வாரம் கழித்து எழுத்தாக்கும்போதுதான் இது கண்ணில் படுவதால். ஆகவே பேட்டி முடிந்ததும் "பக்கவிளைவு ஏதாவது சொன்னாரா?" என்ற கட்டத்தை நிரப்பாமல் படிவம் மூடாதபடி செய்துவிடுங்கள்.