டேபிள் மேல ஏறினப்புறம் கேட்டா லேட்டு: எச்எஸ்ஜி, காப்பர் டி, பயாப்ஸி வலி பத்தி கேள்வி பதில்

கைனிக் (மகளிர் நோய்) ஓபிலயும் மைனர் ஆபரேஷன் தியேட்டர்லயும் 22 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்தேன், இப்ப ரிட்டயர்டு. எச்எஸ்ஜின்னு சொல்ற ட்யூப் டெஸ்ட் (கர்ப்பப்பைக் குழாய்ல அடைப்பு இருக்கானு பாக்குற எக்ஸ்ரே) வலிக்குமா, மயக்க மருந்து கேக்கலாமா, டாக்டர் திட்டுவாங்களானு நிறைய பேர் கேட்டுட்டீங்க, அதான் எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் சொல்லிடுறேன். நான் டாக்டர் இல்ல, மருந்துச் சீட்டு எழுதுற ஆளும் இல்ல. ஆனா டேபிள் பக்கத்துல நின்னு கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தது நாந்தான், அதனால எது உதவுது எது சும்மா ஒப்புக்குனு ஓரளவு தெரியும்.

அக்கா, கல்யாணம் ஆகி 4 வருஷம், அடுத்த வாரம் எச்எஸ்ஜிக்கு எழுதிருக்காங்க. பிரசவ வலி மாதிரி இருக்கும்னு நாத்தனார் சொன்னதுல இருந்து தூக்கமே போச்சு. அவ்ளோ வலிக்குமா?

உங்க நாத்தனாருக்கு எச்எஸ்ஜி எடுத்தாங்களா இல்ல யாரோ சொன்னத சொல்றாங்களானு முதல்ல கேளுங்க! சரி விஷயத்துக்கு வரேன். பீரியட்ஸ் வந்த நாள ஒண்ணுன்னு எண்ணினா 6ல இருந்து 10ஆம் நாளுக்குள்ள, ரத்தம் நின்னப்புறம் எடுப்பாங்க. எக்ஸ்ரே டேபிள்ல படுக்க வச்சு, ஸ்பெகுலம்ங்கற விரிக்கிற கருவிய வச்சு கர்ப்பவாயப் பாத்து, ஒரு சின்ன ட்யூப் உள்ள விட்டு எக்ஸ்ரேல தெரியுற மருந்து ஏத்துவாங்க, அது கர்ப்பப்பைய நிரப்பி ரெண்டு பக்க குழாய் வழியா வெளிய போகுதானு படம் புடிப்பாங்க. மொத்தமே 5, 10 நிமிஷம். வலின்னா ரெண்டு இடம்தான், ஒண்ணு கர்ப்பவாய க்ளிப் மாதிரி ஒரு கருவியால புடிக்கும்போது சுருக்குனு ஒரு கிள்ளு, இன்னொன்னு மருந்து ஏத்தும்போது அடிவயித்துல வர்ற பிடிப்பு. அந்தப் பிடிப்பு சிலருக்கு பீரியட்ஸ் வலி அளவுதான், சிலருக்கு உண்மையாவே ரொம்ப கடுமை, குழாய் அடைப்பு இருந்தா அழுத்தம் அதிகமாகி இன்னும் வலிக்கும். "ஒண்ணுமே இல்லம்மா"ன்னு சொல்றவங்களையும் நம்பாதீங்க, "செத்தே போயிடுவ"ன்னு சொல்றவங்களையும் நம்பாதீங்க.

இதுல யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. பயத்துலயும் வலியிலயும் உடம்பு இறுகினா குழாயோட வாய்ப்பக்கமும் இறுகிக்கும், மருந்து போகாது, ரிப்போர்ட்ல அடைப்புனு வந்துடும், ஆனா நெஜத்துல அடைப்பே இருக்காது. அதனால வலிக்கு மருந்து கேக்கறது செல்லம் கொஞ்சுறது இல்ல, ரிப்போர்ட் சரியா வரணும்னாலும் அது வேணும். அந்த எக்ஸ்ரே மருந்த மெதுவா ஏத்தச் சொல்லுங்க, உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி ஏத்தினா பிடிப்பு கொறையும், அதையும் கேட்டுப் பாருங்க. சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

முன்னாடியே மெப்டால் ஸ்பாஸ் போட்டுக்கலாமா, டோலோ போதுமா? எனக்கு வீசிங் வேற இருக்கு.

டோலோ, அதாவது பாராசிட்டமால், அது மட்டும்னா இந்தப் பிடிப்புக்கு கொஞ்சம் பலம் பத்தாது. பொதுவா எழுதிக் குடுக்கறது ஐபுப்ரோஃபென் 400 இல்லன்னா மெஃபெனமிக் ஆசிட் 500, சாப்பிட்டுட்டு டெஸ்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. நிறைய பேர் ரூம் வாசல்ல உக்காந்துக்கிட்டு மாத்திரையப் போடுவாங்க, அது வேலை செய்ய ஆரம்பிக்கும்போது டெஸ்ட் முடிஞ்சு ஆட்டோ ஏறிருப்பாங்க. மெப்டால் ஸ்பாஸ்ல மெஃபெனமிக் 250 தான், கூட டைசைக்ளோமைன் இருக்கு. ஆனா உங்களுக்கு வீசிங் இருக்கறதால இந்த வகை எதையும் நீங்களா போடாதீங்க, ஆஸ்துமா இருக்கற சிலருக்கு இது இழுப்பக் கொண்டு வந்துடும். அல்சர், கிட்னி பிரச்சனை, ரத்தம் இளக்குற மாத்திரை சாப்பிடுறவங்களும் அப்படித்தான், டாக்டர்கிட்ட சொல்லிட்டு பாராசிட்டமாலோ வேற ஏதாவதோ வாங்கிக்கோங்க. இறால் சாப்பிட்டா அலர்ஜி, அதனால எக்ஸ்ரே மருந்தும் ஒத்துக்காதான்னு இன்னொருத்தங்க கேட்டிருந்தாங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா முன்னாடி சிடி ஸ்கேனுக்குப் போட்ட மருந்து ஒத்துக்காம போயிருந்தா கண்டிப்பா சொல்லணும்.

எங்க அம்மா தூக்கத்துக்கு அல்பிராக்ஸ் சாப்பிடுறாங்க. அதுல பாதி போட்டுட்டுப் போனா பயம் போயிடும்ல?

போடாதீங்கம்மா. பயத்துக்கான மாத்திரை வேற, வலிக்கான மாத்திரை வேற, இத நல்லா மனசுல வாங்கிக்கோங்க. அல்பிராசோலம், டயாசிபாம் மாதிரி மாத்திரை படபடப்பக் கொறைக்கும், வலிய ஒரு துளி கூட கொறைக்காது, அரைத் தூக்கத்துல வலிய அனுபவிப்பீங்க அவ்ளோதான். உண்மையிலயே பயம் உங்கள ஆட்டி வைக்குதுன்னா டாக்டரே உங்களுக்குனு ஒரு டோஸ் எழுதுவாங்க, வலி மாத்திரையும் கூட சேத்து. அன்னிக்கு கூட ஆள் வேணும், வண்டி ஓட்டக் கூடாது. ட்ரமடால் மாதிரி வலி மாத்திரையோட இதக் கலந்துட்டா மூச்சு மந்தமாகிடும், விளையாட்டு இல்ல. நீங்க சொல்லாம போட்டுட்டு வந்து, அங்க அவங்க வேற ஊசி போட்டாங்கன்னா?

கர்ப்பவாய்லயே மரத்துப்போற ஊசி போடுவாங்கனு கேள்விப்பட்டேன். கேக்கவே நடுங்குது.

கேக்கத்தான் நடுங்கும். பல்லு புடுங்க ஈறுல போடுறாங்கல்ல, அதே லிடோகெய்ன்தான், கர்ப்பவாயச் சுத்தி ரெண்டு மூணு எடத்துல போடுவாங்க. போடும்போது சுருக்குனு இருக்கும், அப்புறம் சில நிமிஷம் விட்டா மரத்துடும். காதுல ங்ஙொய்னு சத்தம், வாய்ல இரும்பு ருசி மாதிரி வந்தா உடனே சொல்லணும். ஜெல்லு, ஸ்ப்ரே கூட உண்டு, ஊசி அளவுக்கு நம்ப முடியாது. அமெரிக்காவுல சிடிசிங்கற அரசு சுகாதார அமைப்பு 2024ல காப்பர் டிக்கான வழிகாட்டுதல திருத்தி, லிடோகெய்ன் வலியக் கொறைக்க உதவலாம், வலி பத்தி முன்னாடியே பேசிடணும்னு சொல்லிட்டாங்க. அடுத்த வருஷம் அங்க இருக்கற மகப்பேறு டாக்டர்கள் சங்கமும் அதையே சொல்லிச்சு. இத்தன வருஷம் பெண்கள் சொன்னத அப்பவே கேட்டிருக்கலாம், என்னத்த சொல்ல.

கர்ப்பவாய் இளகணும்னு முதல் நாள் ராத்திரி மிசோப்ரோஸ்டால் மாத்திரை வைக்கறதும் சில எடத்துல வழக்கம். எல்லாருக்கும் அது தேவையில்லனு அதே சிடிசி சொல்லுது, வயித்துப் பிடிப்பும் பேதியும் குளிரும் வேற வந்து நிக்கும். ஒரு தடவ முயற்சி பண்ணி உள்ள போகலன்னா அப்ப யோசிக்கலாம்.

முழு மயக்கம் குடுத்தே பண்ணிடுங்கனு கேட்டா தப்பா?

தப்பே இல்ல, ஆனா ஃபோன்ல அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கேளுங்க. நிறைய ஸ்கேன் சென்டர்ல எக்ஸ்ரே ரூம் மட்டும்தான் இருக்கும், மயக்க டாக்டர் கிடையாது, ஆக்ஸிஜன் மானிட்டர் கிடையாது, அங்க போய் டேபிள்ல படுத்துக்கிட்டு கேட்டா அவங்க எங்க போவாங்க. வேணும்னா தியேட்டர் வசதி இருக்கற ஆஸ்பத்திரிக்கு எழுதி வாங்கணும், பில்லும் ஏறும். ஆறு மணி நேரம் சாப்பாடு கூடாது, பாலு காபி எல்லாம் சாப்பாட்டுக் கணக்குதான், வெறும் தண்ணி மட்டும் ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும். நான் இருந்த எடத்துல ஒருத்தங்க "ஒரு வாய் காபிதானே சிஸ்டர்"னு குடிச்சிட்டு வந்து அன்னிக்கு கேஸே கேன்சல் ஆச்சு, அடுத்த மாச பீரியட்ஸ் வரைக்கும் காத்திருந்தாங்க பாவம். மயக்கம் தெளிஞ்சாலும் 24 மணி நேரம் ஸ்கூட்டி எடுக்கக் கூடாது.

மயக்கம் இல்லாம பண்றவங்க நேர்மாறா வெறும் வயித்தோட போகாதீங்க. ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுப் போங்க. கர்ப்பவாயத் தொட்டா சிலருக்கு நாடி சட்டுனு கொறஞ்சு கண்ணு இருட்டிக்கிட்டு வரும், முடிஞ்சதும் துள்ளி எழுந்திருக்காம அஞ்சு நிமிஷம் படுத்திருங்க.

சிஸ்டர், இத யார்கிட்டயும் சொன்னதில்ல. கல்யாணம் ஆகி 2 வருஷம், உறவே முழுசா நடக்கல, தொட்டாலே இறுகிக்குது. மாமியார் குழந்தை குழந்தைன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் இப்ப எச்எஸ்ஜி எழுதிட்டாங்க.

சொன்னதுக்கு நன்றிம்மா. உங்கள மாதிரி எத்தன பேர நான் பாத்திருக்கேன்னு தெரிஞ்சா உங்களுக்கு பாதி பாரம் எறங்கிடும். மாமியார் பக்கத்துல உக்காந்திருக்கும்போது "உறவு எல்லாம் நார்மலா?"ன்னு கேட்டா எந்தப் பொண்ணு இல்லன்னு சொல்லும், தலையத்தான் ஆட்டும், டாக்டரும் டெஸ்ட் எழுதிடுவாங்க. நீங்க தனியா, இல்ல வீட்டுக்காரரோட மட்டும் திரும்பப் போய் இத அப்படியே சொல்லுங்க, வாயால வரலன்னா ஒரு பேப்பர்ல எழுதி நீட்டுங்க. உறவே நடக்காம குழந்தை நிக்கலன்னா அது குழாய் பிரச்சனைனு எப்படி சொல்ல முடியும், இந்த டெஸ்ட் இப்போதைக்கு தேவையே இல்லாம கூட போகலாம். இதுக்கு வெஜைனிஸ்மஸ்னு பேரு. நீங்க வேணும்னு பண்றதில்ல, தசை தானா இறுகுறது. இடுப்புக்கு அடியில இருக்கற தசைக்கான (பெல்விக் ஃப்ளோர்) பிசியோதெரபி, சின்ன சைஸ்ல இருந்து படிப்படியா பழக்குற டைலேட்டர், கவுன்சலிங், இதுல நிறைய பேருக்கு சரியாகிடுது. அப்படியும் டெஸ்ட் வேணும்னா மயக்கத்துலதான் பண்ணணும், "தாங்கிக்கோ"ன்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க.

24 வயசு, கல்யாணம் ஆகல, பிசிஓஎஸ். உள்ள விட்டு ஸ்கேன்னு சொல்றாங்க.

வயித்து மேல எடுக்கச் சொல்லுங்க. தண்ணி நிறைய குடிச்சு யூரின் முட்ட இருந்தா அதுலயே ஓரளவு தெரியும். வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு.

குழந்தைக்கு 3 மாசம், பால் குடுக்கறேன். காப்பர் டி போட அரசு ஆஸ்பத்திரி போனேன், வலிக்குமானு கேட்டதுக்கு "பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா"ன்னுட்டாங்க.

நானும் அந்த டயலாக்க சொன்னவதான், இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. சுகப்பிரசவம் ஆனவங்களுக்கு கர்ப்பவாய் கொஞ்சம் தளர்வா இருக்கும், அதனால பொதுவா வலி கம்மி, அது உண்மை. சிசேரியன் ஆனவங்களுக்கு அந்தக் கணக்கு எப்பவும் பொருந்தாது. ஐபுப்ரோஃபென் பால் குடுக்கறவங்களுக்கும் பாதுகாப்புதான், ஆனா ஒண்ணு வெளிப்படையா சொல்லிடுறேன், உள்ள போடுற அந்த நிமிஷத்து வலிக்கு அது பெருசா உதவாது, அப்புறம் வீட்டுக்கு வந்து வர்ற பிடிப்புக்குத்தான் நல்லது. போடும்போது உதவறது லிடோகெய்ன், அப்புறம் அவசரப்படாத கை. மூச்ச அடக்காம வாயால மெதுவா ஊதி விடுங்க, இடுப்பத் தூக்காதீங்க. காப்பர் டி 380ஏ மாடல் போட்டா 10 வருஷம் கவலை இல்ல, எந்த மாடல்னு கேட்டு கார்டுல எழுதி வாங்கிக்கோங்க.

போன தடவ பாப் ஸ்மியர் (கர்ப்பவாய் கேன்சருக்கான டெஸ்ட்) எடுக்கும்போது அழுதேன், கால விரின்னு தொடையில தட்டினாங்க. இனிமே எந்த டெஸ்டுக்கும் போறதில்லனு இருக்கேன்.

அது தப்பு, அவங்க தப்பு, உங்க தப்பு இல்ல. ஆனா டெஸ்ட விட்டுடாதீங்க, ஆஸ்பத்திரிய மாத்துங்க. புது எடத்துல உக்காந்ததும் முதல் வரியா "போன தடவ எனக்கு ரொம்ப கஷ்டமாயிடுச்சு"ன்னு ஆரம்பிங்க. சின்ன சைஸ் ஸ்பெகுலம் கேளுங்க. நான் கையத் தூக்கினா நிறுத்தணும்னு முன்னாடியே பேசிக்கோங்க, நிறுத்தலாம்னு தெரிஞ்சாலே பாதி பேர் நிறுத்தவே சொல்றதில்ல, கண்ணால பாத்திருக்கேன். ஆம்பள டாக்டர்னா கூட ஒரு பொம்பள ஆள் இருக்கணும்னு கேக்கறது உங்க உரிமை, தேசிய மனித உரிமை ஆணையம் தயாரிச்ச நோயாளி உரிமைச் சாசனத்துலயே இருக்கு. கர்ப்பவாய் கேன்சருக்குக் காரணமான வைரஸப் பாக்குற எச்பிவி டெஸ்ட்னா பஞ்சுக்குச்சி மாதிரி ஒண்ண நீங்களே உள்ள விட்டு எடுத்துக் குடுக்கற முறையும் இருக்கு, உலக சுகாதார நிறுவனம் ஒத்துக்கிட்டதுதான், கிடைக்குதானு விசாரிங்க.

அம்மாவுக்கு 56. பீரியட்ஸ் நின்னு 4 வருஷம் கழிச்சு இப்ப ரத்தம் படுது. பயாப்ஸின்னதும் பயந்து தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்காங்க.

இது ஒண்ணுல மட்டும் நான் கறாரா பேசுவேன். நின்னப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் பாக்கணும், பெரும்பாலும் சாதாரண காரணமாத்தான் இருக்கும், ஆனா கேன்சர் இல்லனு தெரிஞ்சே ஆகணும். பைப்பெல்னு ஒரு ஸ்ட்ரா மாதிரி மெல்லிசு குழாய், 3 மில்லிமீட்டர்தான், உள்ள விட்டு கர்ப்பப்பையோட உள்பக்கச் சதைய கொஞ்சம் உறிஞ்சி எடுப்பாங்க, அந்த உறிஞ்சுற ஒரு நிமிஷம் நல்லாவே வலிக்கும். இந்த வயசுல கர்ப்பவாய் சுருங்கி இருக்கறதால குழாய் போகாமலும் இருக்கலாம். அம்மா ரொம்ப பயந்தாங்கன்னா மயக்கத்துல கேமரா விட்டுப் பாத்து கிளீனிங் பண்ணியே அந்தச் சதைய எடுத்துடலாம், அத டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க. பிபி சுகர் மாத்திரைய நிறுத்தணுமானும் கேட்டு வச்சுக்கோங்க. தேதியத் தள்ளாதீங்க.

அண்ணன் மாதிரி நெனச்சு திட்டாதீங்க, நான் ஹஸ்பண்ட். நான் என்ன பண்ணணும்?

உள்ள விட்டா கையப் பிடிங்க, விடலன்னா வாசல்லயே இருங்க, ஃபோன் பாக்காதீங்க. மாத்திரை போட அலாரம் வைங்க. போற வழியில ஸ்பீட் பிரேக்கர் பாத்து ஓட்டுங்க, வர்ற வழியில அதவிட. "அவ்ளோதானா, நான் என்னமோன்னு நெனச்சேன்"னு மட்டும் சொல்லிடாதீங்க.

முடிஞ்சப்புறம் எப்ப பயப்படணும்?

சில நாள் லேசா ரத்தம் படும், எச்எஸ்ஜினா பிசுபிசுன்னு மருந்தும் வெளிய வரும், வெந்நீர் பை வச்சுக்கலாம். காய்ச்சல், நாத்தத்தோட வெள்ளைப்படுதல், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனையுற அளவு ரத்தம், மாத்திரைக்கும் அடங்காம ஏறிக்கிட்டே போற வலி, இதுல ஒண்ணு வந்தாலும் அன்னிக்கே போங்க. ராத்திரின்னா கேஷுவாலிட்டிக்கு.

ஷேவ் பண்ணிட்டுப் போகணுமா அக்கா? கேக்கவே கூச்சமா இருக்கு.

வேண்டாம்மா, யாரும் அதப் பாக்கறதே இல்ல, வெட்டிக்கிட்டா எரியுறதுதான் மிச்சம். நீளமான டாப்போ நைட்டியோ போட்டுக்கிட்டுப் போங்க, கீழ மட்டும் கழட்டினா போதும், மேல மூடியே இருக்கும். அப்புறம் பைல ரெண்டு பேட்.