ஐரோப்பிய யூத வரலாற்றுப் பாட்காஸ்ட்களில் அடிக்கடி வரும் ‘கெட்டோ’ என்பது என்ன?

யூதர்கள் இங்கேதான் குடியிருக்க வேண்டும் என்று ஆட்சியாளர்கள் சுவரும் கதவும் வைத்து ஒதுக்கிய பகுதியே கெட்டோ. 1516இல் வெனிஸ் குடியரசு, முன்பு செம்பு வார்ப்படச்சாலை இருந்த ஒரு சிறு தீவில் அவர்களைக் குடியமர்த்தியது. வார்ப்படச்சாலையைக் குறித்த உள்ளூர்ச் சொல்லே பின்னர் இத்தகைய இடங்களுக்கெல்லாம் பெயராயிற்று என்பது பரவலான கருத்து.

நகருக்கு யூதர்கள் தரும் கடனும் அவர்களது வணிகமும் தேவைப்பட்டன. ஆனால் அவர்கள் கிறித்தவர்களிடையே கலந்து வாழ்வதைச் சமயப் போதகர்கள் விரும்பவில்லை. ஒருவரிடம் அவசரத்துக்குக் கைமாற்று வாங்கிக்கொண்டு, அவர் வந்தால் திண்ணையோடு பேசி அனுப்பிவிடும் வீட்டைப் போன்றது இந்த ஏற்பாடு. இரவில் கதவுகள் பூட்டப்பட்டன. அங்கே நின்ற காவலர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர்களும் யூதர்களே என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது. இடம் போதாமல் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. தாழ்ந்த கூரைகளோடு மாடிமேல் மாடியாக அடுக்கிய அக்கட்டடங்களை இன்றும் காணலாம். 1797இல் நெப்போலியனின் படை வந்தபோதுதான் கதவுகள் அகற்றப்பட்டன.

பெயர் ஒன்றாக ஒலிப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்: 1940இல் நாஜிகள் வார்சாவில் அமைத்த கெட்டோ இதன் தொடர்ச்சி அன்று, அங்கே பட்டினிக்கும் நோய்க்கும் தப்பியவர்களில் பெரும்பாலோர் 1942இல் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர்.