முகவாய் முடியும் கருந்திட்டுகளும்

கேள்வி: எனக்கு வயது 26. முகவாயில் தடித்த முடிகள் வளர்வதால் மாதம் இருமுறை வேக்சிங் செய்கிறேன். பின்னர் கொப்புளங்களும் கருந்திட்டுகளும் தோன்றுகின்றன. மழித்தால் முடி அடர்ந்துவிடும் என்று அம்மா தடுக்கிறார். லேசர் செய்துகொள்ளலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: மழிப்பதால் முடி அடர்வதில்லை, நுனி மொட்டையாக வெட்டுப்படுவதால் மீண்டும் முளைக்கும்போது சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். வேரோடு பிடுங்கப்பட்ட முடி திரும்ப வளரும்போது சில சமயம் தோலுக்குள்ளேயே சுருண்டுகொள்வதால் கொப்புளம் உண்டாகிறது; அது ஆறிய இடத்தில், நம்மைப் போன்ற மாநிறத் தோலில், கருந்திட்டு பல மாதங்கள் தங்கிவிடும். ஆகவே வேக்சிங்கை இப்போதே நிறுத்துங்கள்.

லேசர் செய்துகொள்ளலாம். ஆனால், அதன் ஒளியை முடியின் கருநிறமி மட்டுமன்றித் தோலின் நிறமியும் உறிஞ்சுவதால், பொருத்தமற்ற கருவி தீப்புண்ணை உண்டாக்கக்கூடும். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் நம் தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது என்பதால், தோல் மருத்துவரிடம் அதைக் குறிப்பிட்டே கேளுங்கள். பல அமர்வுகள் தேவைப்படும். முடிவேர் இருந்தால்தான் லேசர் வேலை செய்யும் என்பதால், அதற்கு முந்தைய நான்கு வாரங்கள் பிடுங்காமல், மழிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: மாதவிலக்கு முறையாக வருகிறதா? இல்லையென்றால், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று முதலில் பரிசோதித்துக்கொள்வது மிக அவசியம். அதைக் கவனிக்காமல் லேசருக்குச் செலவழித்தால் முடி மீண்டும் முளைத்துக்கொண்டே இருக்கும். கருந்திட்டுகளுக்கு எலுமிச்சைச் சாறு தடவாதீர்கள், எரிச்சலால் நிறம் இன்னும் கூடும். பகலில் சன்ஸ்கிரீன் பூசி வாருங்கள்.