வண்டியை எடுப்பதா, ரயிலைப் பிடிப்பதா?

கேள்வி: தாம்பரம் மேற்கில் வீடு, நந்தனத்தில் அலுவலகம். ஐந்து வருடமாக காரில்தான் போய் வருகிறேன். பெட்ரோலுக்கே மாதம் ஏழாயிரத்துக்கு மேல் போகிறது. ரயிலுக்கு மாறினால் உண்மையிலேயே மிச்சமாகுமா? கார் தவணை எப்படியும் கட்டத்தானே வேண்டும்?

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். பலர் குழம்புகிற இடம் அதுதான். தவணையும் இன்சூரன்ஸும் காரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் போகிற பணம். அதனால் 'காருக்கு இவ்வளவு கட்டுகிறேன், ஓட்டாமல் விட்டால் நஷ்டம்' என்று நினைக்க வேண்டாம். நாளைக் காலை சாவியை எடுப்பதா வேண்டாமா என்பதற்கு, வண்டி ஓடினால் மட்டும் ஆகிற செலவைப் பார்த்தால் போதும்.

அந்தச் செலவைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்குப் போக வர 42 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்றால் 924 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் லிட்டருக்கு 13 கிடைத்தால் 71 லிட்டர் பிடிக்கும். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 7,170 ரூபாய். (உங்கள் பங்க்கில் இன்று என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.) இதோடு டயர் தேய்மானம் இருக்கிறது. நான்கு டயர் 20,000 ரூபாய், 40,000 கிலோமீட்டர் ஓடும் என்றால் கிலோமீட்டருக்கு 50 பைசா. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸுக்கு 8,000 கொடுத்தால் அது 80 பைசா. ஆக இன்னொரு 1,200 ரூபாய். மொத்தம் எட்டாயிரத்து முந்நூறு, நானூறு வருகிறது.

இனி ரயில். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி கிண்டியில் இறங்குங்கள். அங்கே மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. சின்னமலை, சைதாப்பேட்டை, அடுத்து நந்தனம். மின்சார ரயிலுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் ஆகாது. மெட்ரோவுக்கு 20 ரூபாய், கியூஆர் டிக்கெட்டோ சிங்காரச் சென்னை அட்டையோ இருந்தால் 20 சதவீதத் தள்ளுபடி போக 16. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ 20 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 46, ஒரு நாளைக்கு 92, மாதம் 2,024 ரூபாய். மின்சார ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் குறையும்.

மாதம் ஆறாயிரம் ரூபாய் வித்தியாசம். தவணையைத் தொடாமலே கையில் நிற்கிற பணம் இது.

கூட்டத்தை நினைத்துத்தான் தயங்குவீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு வழி உண்டு. செங்கல்பட்டிலிருந்து நிரம்பி வரும் ரயிலை விட்டுவிட்டு, தாம்பரத்திலேயே புறப்படுகிற ரயிலைப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் முன்னால் போனால் உட்கார்ந்தே போகலாம். மாலையில் கிண்டியில் ஏறும்போது அந்த வசதி கிடையாது, நின்றுகொண்டுதான் வர வேண்டும். இடுப்பு வலியோ முட்டி வலியோ உள்ளவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஒரேயடியாக மாற வேண்டாம். முதல் மாதம் வாரத்தில் மூன்று நாள் ரயில், இரண்டு நாள் கார் என்று வையுங்கள். அடைமழை நாள், பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போகிற நாள் எல்லாம் காருக்கே இருக்கட்டும். அப்படிச் செய்தாலும் பாதிக்கு மேல் மிச்சமாகும்.

கேள்வி: பெரம்பூரிலிருந்து அண்ணா சாலைக்கு ஸ்கூட்டரில் போகிறேன், ஒரு பக்கம் ஒன்பது கிலோமீட்டர். 'பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாயிற்றே, ஸ்கூட்டரை விற்றுவிடு' என்கிறார் வீட்டுக்காரர். விற்கலாமா?

விற்க வேண்டாம் அம்மா.

கணக்கு இதுதான். ஒரு நாளைக்கு 18 கிலோமீட்டர், 24 நாளைக்கு 432. லிட்டருக்கு 45 கொடுக்கிற ஸ்கூட்டர் என்றால் 9.6 லிட்டர், 970 ரூபாய். மாநகரப் பேருந்தில் இஷ்டப்படி பயணிக்கும் மாதாந்தர பாஸ் 1,000 ரூபாய். அதாவது உங்கள் தூரத்துக்கு ஓர் ஆண் ஸ்கூட்டரை விட்டுப் பஸ் பாஸுக்கு மாறினால் பெட்ரோலில் பைசா மிச்சமாகாது. பொதுப் போக்குவரத்து எப்போதும் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை. தனி ஆள் ஓட்டுகிற சின்ன வண்டிக்கு எரிபொருள் செலவு கிலோமீட்டருக்கு இரண்டேகால் ரூபாய்தான்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் உங்கள் கணக்கு வேறு. ஆனால் எந்தப் பஸ் வந்தாலும் ஏறலாம் என்றில்லை. விரைவு, சொகுசு, ஏசி பேருந்துகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. சாதாரணக் கட்டண வெள்ளை போர்டு பஸ்ஸுக்குக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் நேரமாகிவிட்டதென்று ஆட்டோ பிடித்தால் ஒரே சவாரியில் ஒரு வாரப் பெட்ரோல் காசு போய்விடும். அதனால் ஒரு வாரம் உங்கள் நிறுத்தத்தில் நின்று, காலை எத்தனை மணிக்கு எந்த எண் வருகிறது என்று குறித்துவையுங்கள். நம்பக்கூடிய ஒரு பஸ் இருந்தால் காலையில் அதில் போங்கள். இரவு தாமதமாகிற நாளுக்கு ஸ்கூட்டர். நேரத்துக்கு வீடு திரும்புகிற நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு. அதை உங்கள் வீட்டுக்காரர் கணக்கில் சேர்த்தாரா என்று கேளுங்கள்.

கேள்வி: மேடவாக்கத்தில் இருக்கிறோம். ஒரு கார் இருக்கிறது. மனைவியின் வேலைக்கும் பிள்ளைகளின் டியூஷனுக்கும் என்று மூன்றரை லட்சத்தில் பழைய கார் ஒன்று பார்த்திருக்கிறோம். பெட்ரோல் விலையை நினைத்தால் பயமாக இருக்கிறது. வாங்கலாமா?

பெட்ரோலை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்கோ பெட்ரோல் போடுவதற்கு முன்பே ஆகிற செலவுதான் கவலை.

மூன்றரை லட்சத்தை 13 சதவீத வட்டியில் நான்கு வருடக் கடனாக எடுத்தால் மாதத் தவணை 9,400 ரூபாயை ஒட்டி வரும். இன்சூரன்ஸ் வருடம் 10,000 என்று வைத்தால் மாதத்துக்கு 830. வண்டி வாசலை விட்டு நகராமலே மாதம் பத்தாயிரத்து இருநூறு ஆகிவிட்டது. பழைய வண்டி என்பதால் பேட்டரி, கிளட்ச், ஏசி கேஸ் என்று வருகிற செலவை இதில் நான் சேர்க்கவே இல்லை.

ஒரு கால் டாக்ஸி சவாரி 250 ரூபாய் என்றால் இதே பணத்தில் மாதம் 40 சவாரி போகலாம். உங்கள் வீட்டில் இரண்டாவது கார் தேவைப்படுகிற தருணங்கள் மாதத்தில் எத்தனை? ஒரு தாளில் எழுதுங்கள், இரண்டு பேரும் தனித்தனியாக. நாற்பதுக்குள் இருந்தால் கார் வேண்டாம். அறுபது எழுபது என்று வந்தால் நானே வாங்கச் சொல்வேன்.

டியூஷனுக்கு மட்டும்தான் என்றால் ஒரு ஸ்கூட்டர் போதும். மனைவியின் வேலை சோழிங்கநல்லூர் பக்கமாக இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகிற தடம் மேடவாக்கம் வழியாகத்தான் வருகிறது. நான்கு வருடக் கடனில் மாட்டிக்கொண்ட பிறகு அது ஓடத் தொடங்கினால், காரைப் பாதி விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருக்கும்.

கேள்வி: கச்சா எண்ணெய் ஏறினால் பெட்ரோல் உடனே ஏறுகிறது. இறங்கினால் மட்டும் ஏன் இறங்குவதில்லை?

நியாயமான கோபம். 2017 ஜூன் 16 முதல் தினசரி விலை நிர்ணயம் என்றுதான் பெயர். நடைமுறையில் விலை மாதக்கணக்கில் அசையாமல் நின்றிருக்கிறது. 2021 நவம்பரிலிருந்து ஐந்து மாநிலத் தேர்தல் முடியும்வரை நின்ற விலை, 2022 மார்ச் 22 முதல் பதினாறே நாளில் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறியது. சென்னையில் 110 ரூபாயைத் தாண்டியது. அந்த மே மாதம் மத்திய அரசு கலால் வரியில் 8 ரூபாய் குறைத்த பிறகுதான் 102 ரூபாய்க்கு வந்தது. 2024 மார்ச்சில் இன்னொரு 2 ரூபாய் குறைந்தது.

விலையில் கணிசமான பங்கு வரி. கலால் வரி லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையான தொகை. தமிழ்நாட்டின் வாட் வரியிலும் 13 சதவீதத்தோடு லிட்டருக்கு 11.52 ரூபாய் நிலையாகச் சேர்கிறது. கச்சா எண்ணெய் பாதியானாலும் இந்த நிலையான தொகைகள் பாதியாகாது. பெட்ரோல் ஜி.எஸ்.டி. என்கிற சரக்கு, சேவை வரிக்குள் வரவும் இல்லை. அதனால் வீட்டு பட்ஜெட் போடும்போது இன்றைய விலைக்கு மேல் 10 ரூபாய் சேர்த்தே போடுங்கள். 2022-இல் பதினாறு நாளில் நடந்தது மறுபடியும் நடக்கலாம்.

கேள்வி: 2017 மாடல் பைக். 48 கொடுத்துக்கொண்டிருந்தது இப்போது 38 தான் கொடுக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலாலா, பங்க்கில் அளவு குறைவதாலா?

இரண்டுமே இருக்கலாம், மூன்றாவதும் இருக்கலாம். எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் விழத்தான் செய்யும். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே பழைய வடிவமைப்பு இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம், கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று சொன்னது. உங்களுக்குக் குறைந்திருப்பதோ 20 சதவீதம். அத்தனை பழியையும் எத்தனால் மேல் போட முடியாது.

முதலில் டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். பிறகு டேங்க்கை முழுக்க நிரப்பி, 250 கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி நிரப்புங்கள். எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்து மைலேஜ் கணக்கிடுங்கள். 'நூறு ரூபாய்க்குப் போட்டேன், இவ்வளவு தூரம் ஓடியது' என்பது அளவே ஆகாது.

பங்க் மேல் சந்தேகம் என்றால், முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் குடுவையில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 25 மில்லி வரை கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் குறையக் கூடாது. நான் ஒருமுறை கேட்டபோது அந்த ஊழியர் முகம் மாறிவிட்டது. குடுவையைத் தேடி எடுத்து வந்தபோது அதன் மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. பிடித்துப் பார்த்தால் 40 மில்லி குறைவு. சண்டை போடவில்லை, நேரத்தையும் பம்ப் எண்ணையும் எழுதிக்கொண்டு தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்கு எழுதினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் நீங்கள் சொல்லலாம். ரசீது மட்டும் மறக்காமல் வாங்குங்கள்.

விடிகாலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்று சொல்வதை நம்பித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அங்கே சூடு பெரிதாக மாறாது.

கேள்வி: மின்சார ஸ்கூட்டருக்கு மாறினால் கரண்ட் பில் எகிறுமா?

ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் சுமாருக்கு ஆகும். பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் உங்கள் வீடு ஏற்கெனவே 470, 480 யூனிட் ஓடுகிறதா என்று பாருங்கள். 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, ஏற்கெனவே ஓடிய யூனிட்டுக்கும் சேர்த்துக் கூடுதலாக வரும்.

கேள்வி: செய்யாறு பக்கம் கிராமம். ரயில், மெட்ரோ என்று எழுதுகிறீர்கள். எங்களுக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குப் பிறகு பஸ்ஸே இல்லை. நாங்கள் என்ன தேர்வு செய்வது?

நீங்கள் சொல்வது சரி. பஸ் இல்லாத ஊரில் தேர்வு என்று ஒன்றும் இல்லை, பைக்தான். பெட்ரோல் விலை ஏறும்போது முதலில் அடிபடுவது உங்களைப் போன்றவர்கள்தான். ஒரே நேரத்துக்கு ஒரே டவுனுக்குப் போகிற இரண்டு பேர் ஒரு வண்டியில் போய்ச் செலவைப் பகிர்ந்துகொள்வதைத் தவிர உடனடி வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பஸ்ஸைக் கேட்டு வாங்கலாம். 'எங்கள் ஊருக்குப் பஸ் வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் மனு கோப்பில் தூங்கும். இரவு எட்டு மணிக்கு எந்த நிறுத்தத்திலிருந்து எத்தனை பேர் திரும்புகிறார்கள், அதில் மாணவர் எத்தனை, வேலைக்குப் போகிற பெண்கள் எத்தனை, கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு எந்த ஊரோடு திரும்பிவிடுகிறது, இன்னும் எத்தனை கிலோமீட்டர் வந்தால் உங்கள் ஊர் சேரும் என்று எழுதுங்கள். புதிய பஸ் கேட்பதைவிட, ஓடுகிற பஸ்ஸை நான்கு கிலோமீட்டர் நீட்டிக்கக் கேட்பது எளிதில் நடக்கும். கையெழுத்துகளோடு பணிமனைக் கிளை மேலாளரிடம் ஒரு பிரதி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு பிரதி கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பேருந்து போகாத ஊர்களுக்கென்று மினி பஸ் திட்டமும் இருக்கிறது. உங்கள் தடம் அதில் சேருமா என்று அதே மனுவில் கேளுங்கள்.