தளபாட வர்த்தகர்

வணக்கம் ஐயா,

எங்கள் ஐயா சென்ற கிழமை தவறிவிட்டார். வயது 91. 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு, அதாவது ஐயாவின் நினைவுப் புத்தகம், அடிக்க வேண்டும். நான் எழுதியதை இத்துடன் அனுப்புகிறேன், பார்த்துத் திருத்தித் தருவீர்களா? பாட்டை வெண்பாவில் போடுவதா, விருத்தத்தில் போடுவதா? 95-ல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய இடப்பெயர்வைப் பற்றிக் குறிப்பிடலாமா? ஐயா 14 வயதில் உளி பிடித்தவர். 80 வயது வரை தச்சு வேலை செய்தார். ஆனால் 'தளபாட வர்த்தகர்' என்று போடச் சொல்லி லண்டனில் இருக்கும் அக்கா சொல்கிறா. அம்மாவோடு 63 வருடம் வாழ்ந்தவர். குடும்பமே உலகம் என்று இருந்தவர். நாங்கள் ஐந்து பிள்ளைகளும் ஒரே மேசையில்தான் படித்தோம். நாங்கள் வளர வளர ஐயா அதன் கால்களுக்குக் கட்டை வைத்து உயர்த்துவார்.

ச., இணுவில்

அன்புள்ள தம்பி,

ஐயாவின் செய்தி அறிந்து வருந்துகிறேன். அம்மாவை எட்டுச்செலவு முடிந்த கையோடு தனியே விட்டுவிடாதீர்கள். 63 வருடம் என்பது சும்மா இல்லை.

உங்கள் கடிதம் வந்த நேரம் நல்ல நேரம். என்னிடம் ஒரு றங்குப் பெட்டி நிறையக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கறையானுக்குப் பயந்து போன கிழமைதான் எல்லாவற்றையும் எடுத்து வெயிலில் பரப்பினேன். பரப்பியவன் சும்மா இருக்காமல் வாசிக்கவும் தொடங்கிவிட்டேன். தேவாரம், வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாம் சரி. நடுவில் வருகிற மனிதர் மட்டும் எல்லாப் புத்தகத்திலும் ஒரே ஆள். ஈகையில் கர்ணன், பொறுமையில் பூமாதேவி. இத்தனை கர்ணர்கள் இருந்த ஊரில், கடன் கேட்டு வந்தவனைப் படலையிலேயே வைத்துத் திருப்பி அனுப்பியவர்கள் யார்?

நீங்கள் அனுப்பியதிலும் 'பாசமிகு தந்தை' நான்கு தரம் வருகிறது. மேசை ஒரு தரமும் வரவில்லை. எனக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது, ஐயாவுக்கு எழுதியதில் இல்லை. இது என்ன நியாயம்?

அந்த மேசையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூத்த பிள்ளை வளர உயர்ந்திருக்கும். அடுத்ததின் கைக்குப் போகும்போது கட்டையைக் கழற்றித் திரும்ப இறக்கியிருப்பார். ஐந்து பிள்ளைகளுக்கு எத்தனை ஏற்றம், எத்தனை இறக்கம்! நாலு கட்டையும் ஒரே கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடும், பிள்ளையின் எழுத்துக் கோணும். காலின் அடியில் மரத்தின் நார் முடிகிற இடம், அங்கே ஆணி அடித்தால் பிடிக்காது, வெடிக்கவும் பார்க்கும். மரமுளை வைத்துத்தான் பொருத்தியிருப்பார் என்று நினைக்கிறேன். வேம்பா, பலாவா, வன்னி முதிரையா? வேலை முடிந்து வந்த களைப்பில், விளக்கு வெளிச்சத்தில், கூலி இல்லாமல் செய்த வேலை இது. இதை விட்டுவிட்டுப் பாசமிகு என்று எழுதி என்ன பிரயோசனம்?

'தளபாட வர்த்தகர்' விசயத்துக்கு வருகிறேன். ஐயா தன் வாயால் ஒருநாளாவது தளபாடம் என்று சொல்லியிருப்பாரா? கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல் என்றுதான் சொல்லியிருப்பார். எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். அவர்கள் யாழ்ப்பாணத்தை ஆண்டது 1619 முதல் 1658 வரை, 39 வருடம். கோட்டை ஒல்லாந்தரிடம் போனது, பிறகு ஆங்கிலேயரிடம் போனது. இந்தச் சொற்கள் மட்டும் தச்சர்களின் பட்டறையில் இருந்து, நம்முடைய வீட்டுக்குள் வந்து, தமிழாகவே ஆகிவிட்டன. தளபாடம் கந்தோர்க் கடதாசியில் இருக்கிற சொல். அதில் மரவாசம் இல்லை.

அக்காவின் பயம் எனக்குத் தெரியாததல்ல. இந்த ஊரில் தொழிலைச் சொன்னால் சிலருக்குச் சாதியைச் சொன்னதாகக் காதில் விழும். அந்தக் காதைக் கேள்வி கேட்க மாட்டீர்கள், ஐயாவின் கையை மறைப்பீர்கள். அக்காவின் கலியாணத்துக்கு அலுமாரி செய்தது வர்த்தகரா, தச்சரா? கேட்டுப் பாருங்கள்.

ஏசுவதற்கு எனக்கு அருகதை இருக்கிறதா என்றால், இல்லை. என் ஐயாவும் தச்சர்தான். 1982-ல் என் கலியாண அழைப்பிதழில் அவர் பெயருக்குக் கீழே 'வர்த்தகர்' என்று போட்டவன் நான். பெண் வீட்டார் படித்த ஆட்கள், அதனால் போட்டேன். ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று தரம் வாசித்தார். "பேர் சரியாத்தான் இருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எழுந்து பட்டறைக்குப் போய், எங்களுக்காகச் செய்துகொண்டிருந்த கட்டிலுக்குச் சீவுளி போடத் தொடங்கினார். அன்று பின்னேரம் வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கும் அந்தக் கட்டிலில்தான் படுக்கிறேன். ஒரு பொருத்தும் அசையவில்லை.

அவருடைய கல்வெட்டிலாவது திருத்தியிருக்கலாம். அதிலும் கர்ணன்தான். அந்தப் பிரதியும் றங்குப் பெட்டிக்குள் இருக்கிறது.

இடப்பெயர்வைத் தாராளமாக எழுதுங்கள், இதற்கெல்லாம் அனுமதி கேட்பதா? 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பக்கம் நகர்ந்த சனத்துக்குள் உங்கள் ஐயா என்ன சுமந்து வந்தார் என்று அம்மாவைக் கேளுங்கள். என் ஐயா அரிசிச் சாக்கை என் தலையில் வைத்துவிட்டு உளிப்பெட்டியைத் தான் தூக்கினார். பெட்டியை மாறித் தரச் சொல்லிக் கேட்டேன், தரவில்லை.

வெண்பாவா விருத்தமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். உங்களுக்கு எது வருமோ அதைப் போடுங்கள். அந்த மேசை இப்போது யார் வீட்டில் இருக்கிறது? கட்டைகளைக் கழற்றி வைத்திருந்தால் ஒன்றைப் படம் எடுத்து அனுப்புங்கள், முளையா ஆணியா என்று பார்க்க வேண்டும்.