கணக்கெடுத்த மருத்துவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெரம்பூரில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் மாணவிகளுக்கும் அவர்களுடைய அம்மாக்களுக்கும் டாக்டர் வி. சாந்தாவைப் பற்றிக் கால் மணி நேரம் பேச வேண்டும். தேடினால் கிடைப்பதெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது: சர் சி.வி. ராமன் குடும்பத்து உறவு, மகசேசே, பத்ம விருதுகள், எளிய வாழ்க்கை. தலைப்போ 'பொதுச் சுகாதாரத்தில் பெண்கள்'. சக ஆசிரியை ஒருவர், "அவங்க கேன்சர் டாக்டராச்சே, சிகிச்சை வேற, பொதுச் சுகாதாரம் வேற இல்லையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்களேன்.

மா., பெரம்பூர்

அன்புள்ள மா.,

விருதுகளை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். பத்து நிமிடத்தைப் புற்றுநோய்ப் பதிவேட்டுக்குக் கொடுங்கள். சென்னையில் யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் புற்றுநோய் வருகிறது என்று இன்று சொல்ல முடிகிறதென்றால் அது அந்தப் பதிவேட்டால்தான். உங்கள் சக ஆசிரியைக்குப் பதிலும் அதில் இருக்கிறது.

வாழ்க்கைக் குறிப்புக்கு இவ்வளவு போதும். 1927 மார்ச் 11ல் மயிலாப்பூரில் பிறந்தார். எம்.எம்.சி.யில் (சென்னை மருத்துவக் கல்லூரி) 1949ல் எம்.பி.பி.எஸ்., 1955ல் மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. எழும்பூரில் அரசு வேலை கிடைத்தும் அதை விட்டுவிட்டு, அதே 1955ல் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தார். முத்துலட்சுமி ரெட்டி தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத, 12 படுக்கை ஆஸ்பத்திரி அது. 1980 முதல் 1997 வரை இயக்குநர். 2021 ஜனவரி 19ல், 93 வயதில் மறையும்வரை அந்த வளாகம்தான் அவருக்கு வீடு.

ஒரு ஆஸ்பத்திரியின் நோயாளிக் கணக்கை வைத்து ஊரின் நோயைச் சொல்ல முடியாது. அடையாறுக்கு ஆந்திராவிலிருந்தும் வருவார்கள், ராமநாதபுரத்திலிருந்தும் வருவார்கள். சென்னைக்காரர்களில் பலர் ஜி.எச்.சுக்கோ (அரசுப் பொது மருத்துவமனை) ஸ்டான்லிக்கோ தனியாருக்கோ போவார்கள். சிலர் எங்குமே போகாமல் வீட்டிலேயே இறப்பார்கள். ஊர்க் கணக்கு வேண்டுமென்றால் எல்லைக்குள் வசிக்கும் ஒவ்வொரு நோயாளியையும், அவர் எங்கே வைத்தியம் பார்த்திருந்தாலும், ஒரே ஒரு முறை எண்ண வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981ல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பம்பாய், பெங்களூருடன் சென்னையும் அதில் சேர்ந்தது. 'மெட்ராஸ் மெட்ரோபாலிடன் ட்யூமர் ரெஜிஸ்ட்ரி' சாந்தாவின் பொறுப்பில், கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் அமைந்தது. 1982 ஜனவரி 1 முதல் கணக்கு ஓடுகிறது.

புற்றுநோயை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லை. தகவல் தானாக வராது, தேடித்தான் போக வேண்டும். பதிவேட்டுப் பணியாளர்கள் ஜி.எச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் கே.எம்.சி., ராயப்பேட்டை, கோஷா ஆஸ்பத்திரி, தனியார் மருத்துவமனைகள், பயாப்சி (திசுப் பரிசோதனை) பார்க்கும் லேப்கள் என்று ஒவ்வொன்றாகச் சென்று கேஸ் ஷீட்டைப் புரட்டுவார்கள், நோயாளியிடம் நேரில் கேட்பார்கள். பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர், வயது, விலாசம், அந்த விலாசத்தில் எத்தனை வருடம், முதன்முதலில் நோய் உறுதியான தேதி, உறுப்பு, திசு வகை. கடைசி இரண்டும் உலகப் பொதுக் குறியீட்டில் ஏறும்: மார்பகம் சி50, கருப்பை வாய் சி53, வயிறு சி16.

வேலை கெடுவது எங்கே என்று தெரிந்தால்தான் அதன் அருமை புரியும்.

முதலில் பெயர். ஒரே பெண்ணுக்கு ஒரு லேபில் பயாப்சி, இன்னோர் இடத்தில் அறுவை, மூன்றாம் இடத்தில் கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை. ஒரு சீட்டில் 'கே. லட்சுமி', அடுத்ததில் 'லட்சுமி குமார்', மூன்றாவதில் 'விஜயலட்சுமி, க/பெ குமார்'. வயது 45, 48, 50. நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல் கல்யாணத்துக்குப் பின் மாறும், வயது கேட்டால் ஐந்திலும் பத்திலும் முடியும் எண்ணைச் சொல்வோம். பெயரை மட்டும் பார்த்தால் ஒருவர் மூவராகிவிடுவார். விலாசம், கணவர் பெயர், உறுப்பு, தேதி எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் ஒருவரா என்று முடிவு செய்ய முடியும்.

அடுத்தது விலாசம். வெளியூரிலிருந்து வருகிறவர் வேளச்சேரியில் தங்கை வீட்டில் தங்கி, அந்த விலாசத்தையே கொடுப்பார். அவரைச் சேர்த்தால் சென்னையின் எண்ணிக்கை பொய்யாக உயரும். ஒரு வருடமாவது இங்கே வசித்தவரா என்ற கேள்வி அதற்காகத்தான்.

பிறகு நோய் தொடங்கிய உறுப்பு. மார்பகத்தில் தொடங்கி ஈரலுக்குப் பரவியதை ஈரல் புற்றுநோய் என்று எழுதிவிட்டால் இரண்டு கணக்கும் தப்பு.

மரணச் சான்றிதழ் எல்லாவற்றையும்விடச் சிக்கல். மாநகராட்சி இறப்புப் பதிவேட்டில் 'இதயம் நின்றதால்' என்று இருக்கும். யாருக்குத்தான் இதயம் நிற்காமல் உயிர் போகிறது? அதனால் புற்றுநோய் என்று எழுதப்பட்டவர்களை மட்டும் பார்த்தால் போதாது. மற்ற இறப்புகளையும் பதிவேட்டுப் பெயர்களோடு ஒப்பிட வேண்டும். சான்றிதழைத் தவிர வேறு தடயமே இல்லாத நோயாளி கிடைத்தால், எங்கே வைத்தியம் பார்த்தார் என்று பின்னோக்கித் தேட வேண்டும். இப்படிச் சான்றிதழில் மட்டுமே தெரிகிறவர்கள் அதிகமானால், உயிரோடிருக்கும்போது பலரைத் தவறவிட்டிருக்கிறோம் என்று பொருள்.

இவ்வளவும் தாண்டிக் கிடைக்கும் எண்ணை மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். 1981ல் சென்னை நகரத்தில் சுமார் 33 லட்சம் பேர். ஒரு வருடத்தில் 330 புது நோயாளிகள் என்றால் லட்சத்துக்கு 10. அதையும் அப்படியே வேறு ஊரோடு ஒப்பிடக் கூடாது. முதியவர்கள் அதிகமுள்ள ஊரில் எண் இயல்பாகவே உயரும் என்பதால் வயதுக்கு ஏற்பத் திருத்த வேண்டும். 2011ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தபோது எல்லை மாறியது. எந்தச் சென்னை என்று சொல்லாமல் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைப்பவர்கள் இன்றும் உண்டு. அது தவறு.

இந்தக் கணக்கு காட்டியது என்ன? 1980களில் சென்னைப் பெண்களிடம் முதலிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு, ஆண்களிடம் வயிற்றுப் புற்றுநோய்க்கு. 2000களில் பெண்களிடம் மார்பகம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. கல்யாண வயது ஏறியதும், பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததும், தண்ணீர் வசதியும் சுத்தமும் கூடியதும் கருப்பை வாய் நோயைக் குறைத்திருக்கலாம். தாமதமான முதல் பிரசவமும் உடல் எடையும் மார்பக நோயைக் கூட்டியிருக்கலாம். எங்கே எந்தப் பரிசோதனையைத் தொடங்குவது, கதிர்வீச்சுக் கருவிகள் எத்தனை தேவை என்பதை இந்த எண்கள் இல்லாமல் திட்டமிட முடியாது. ஒரு நோயாளியைத் தாண்டி ஊருக்கே திட்டமிடுவதுதான் பொதுச் சுகாதாரம்; உங்கள் சக ஆசிரியைக்குப் பதில் இதுதான்.

எண்ணுவதோடு வேலை முடியவில்லை. சிகிச்சை பலித்ததா என்று அறிய, ஐந்து வருடம் கழித்து அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிய வேண்டும். பதில் அஞ்சல் கட்டணம் செலுத்திய கார்டு அனுப்பிக் கேட்பது, பதில் வராவிட்டால் வீட்டுக்கே போவது என்பது சென்னையின் வழி. பதில் வராதவர்களையெல்லாம் 'உயிரோடு இருக்கிறார்கள்' என்று வைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரியின் பெயர் உயரும், ஆனால் காணாமல் போனவர்களில் இறந்தவர்களே அதிகம் இருக்கக்கூடும். தன் நிறுவனத்துக்குச் சாதகமில்லாத உண்மையையும் தேடிப்போய் எழுதிக்கொள்ளும் இந்த நேர்மையைத்தான் சாந்தாவின் தலைமையில் நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

அம்மாக்களும் வருகிறார்கள் என்பதால், வருமுன் கண்டறிவதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள். சாந்தா வாழ்நாளெல்லாம் வலியுறுத்தியது அது. கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு உள்ள வழிகளில் ஒன்று, 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது. மாறிய செல்கள் உள்ள இடம் அடர் வெள்ளையாகத் தெரியும். 5 சதவீதம் என்றால் 5 மில்லி அடர் அமிலத்தோடு 95 மில்லி தண்ணீர், அன்றன்று கலக்க வேண்டும். ஒரு நிமிடம் பொறுக்காமல் பார்த்தால் நோய் கண்ணில் படாது. மாதவிடாய் நின்றபின் பார்க்க வேண்டிய இடம் உள்ளே சென்றுவிடும் என்பதால் அந்த வயதில் இந்த முறையை நம்ப முடியாது. பாப் ஸ்மியர் (கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்து லேபில் பார்ப்பது) என்றால், ஸ்லைடில் தடவிய உடனே 95 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும். காற்றில் காய்ந்தால் செல்கள் உப்பிப்போய் லேபில் படிக்க முடியாது. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007ல் வெளியான ஆய்வில், அசிட்டிக் அமில முறையில் ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையே கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணத்தை 35 சதவீதம் குறைத்தது. அதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அங்கேயும் ஒரு புற்றுநோய்ப் பதிவேடு இருந்தது.

மாணவிகளுக்கு ஒரு பயிற்சி வையுங்கள். பத்துச் சீட்டு எழுதிக் கொடுங்கள், அதில் நான்கு சீட்டு ஒரே பெண்ணுடையதாக இருக்கட்டும்: பெயர் எழுத்து மாறி, வயது மாறி, ஒன்றில் மட்டும் பழைய விலாசம். இன்னொரு சீட்டில் நெல்லூரிலிருந்து வந்து அண்ணன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியவர். மொத்தம் எத்தனை சென்னை நோயாளிகள் என்று கேளுங்கள். ஆறு என்று வரும். பத்து என்று சொல்கிறவர்களைத் திருத்த அவசரப்படாதீர்கள், எந்த இரண்டு சீட்டை ஏன் ஒன்றாக்கினோம் என்று அவர்களே வாதாடட்டும்.

அம்மாக்களிடம், 30 வயது தாண்டியவர்கள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகம், கருப்பை வாய் இரண்டுக்கும் பரிசோதனை கேட்கலாம் என்று சொல்லுங்கள். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துப் போக வேண்டும், கொடுக்கும் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். போகும்போதெல்லாம் பெயரையும் விலாசத்தையும் ஆதாரில் உள்ளபடி ஒரே மாதிரி சொல்லச் சொல்லுங்கள்.