கார் ஆக்ஸில் பூட் கிழிஞ்சிருக்கு, பூட் மட்டும் மாத்தினா போதுமா?

எப்ப கண்டுபிடிச்சீங்கங்கறதைப் பொறுத்துதாங்க. ஆக்ஸில் வீலோட சேர்ற ஜாயின்ட்டை மூடியிருக்கற அந்த ரப்பர் பூட்டோட வேலையே கிரீஸை உள்ள வச்சுக்கறதும் மண்ணு தண்ணிய உள்ள விடாம இருக்கறதும்தான், அது கிழிஞ்சா வீல் சுத்தற வேகத்துல கிரீஸ் தெறிச்சு ரிம்மோட உள்பக்கம் கறுப்பா அப்பிக்கும். காலி கிரவுண்டுல ஸ்டீரிங்கை முழுசா ஒடிச்சு ரெண்டு பக்கமும் மெதுவா வட்டம் அடிச்சுப் பாருங்க. டக் டக்னு சத்தம் வந்தா ஜாயின்ட்டுக்குள்ள இரும்பு உருண்டை (பால்) ஓடற பள்ளம் தேஞ்சாச்சு, இனி பூட் போடறது வீண் செலவு, ஜாயின்ட்டையோ ஆக்ஸிலையோ மாத்திடுங்க.

சத்தம் இல்லேன்னா பூட் கிட் போதும். ஆனா மெக்கானிக் பழைய கிரீஸை மேலாக்க தொடச்சுட்டு புதுசைப் பூச விடாதீங்க, அந்தப் பழைய கிரீஸை ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சுப் பாருங்க, நறநறன்னு மண்ணு தட்டுப்படும், அதுதான் ஜாயின்ட்டை அரைச்சுத் தின்னுடும். கழட்டி முழுசா கழுவித் துடைச்சு, கிட்டோட வர்ற மாலிப்டினம் கிரீஸைத்தான் போடணும். இரும்பு கிளாம்ப்புக்குப் பதிலா பிளாஸ்டிக் டை கட்டினா ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க, சீக்கிரமே கழண்டுடும். பெரும்பாலான வண்டிக்கு ஆக்ஸில் நட்டும் புதுசு வாங்கி டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து இறுக்கற ஸ்பேனர்) வச்சு கம்பெனி மேனுவல்ல இருக்கற அளவுக்கு இறுக்கணும்.